நாவலும் சித்திரமும்

அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960-ல் எழுதி வெளியிட்ட ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்னும் நாவல் மறு ஆண்டே புலிட்சர் பரிசைப் பெற்றது. 1962-ல் திரைப்படமும் ஆயிற்று. 2018-ல் ஆங்கிலேய ஓவியர் ஃபிரெட் ஃபோர்டாம் அதனைச் சித்திர நாவலாக்கினார். கதையும் உரையாடலும் ஆயத்தமாக இருக்கையில் வரைவதில் என்ன கஷ்டம் என்று நேயர்கள் கேட்கலாம்.

கதை 1930-களில் அலபாமா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்கிறது. டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத்தவன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்தான் என்பது வழக்கு. அவள் முகத்தின் வலப்புறத்தில் காயம். அடித்தவன் இடக்கைப் பழக்கமுள்ளவனாக இருத்தல் வேண்டும் என்பதை வக்கீல் ஆட்டிகஸ் ஃபின்ச் மெல்ல மெல்ல நிலைநாட்டுகிறார். அதன் பின்னரே டாமை எழுந்து நிற்கச் சொல்லுகிறார். சிறுவயதில் பருத்திக்கொட்டை நீக்கும் இயந்திரத்தில் அகப்பட்ட அவனுடைய இடக்கை, வலக்கையைவிட ஓரடி குறைந்து, உயிரற்றுத் தொங்குகிறது!

எழுத்தாளர் அக்கையைப் பற்றி அதுவரை வாய் திறவாமல் இருந்துவிடலாம். ஓவியருக்கோ அந்தச் சலுகை இல்லை. டாமை முன்னமே வரைய நேர்ந்தால், மேசைக்குப் பின்னாலோ பிறர் முதுகுக்குப் பின்னாலோ அதை மறைக்க வேண்டும். மறைப்பது தெரியாமலும் மறைக்க வேண்டும்.

கை இருக்கட்டும், முகம் அதனினும் பெரிய சோதனை. அமெரிக்கச் சித்திரக் கதைகள் நெடுங்காலம் கறுப்பினத்தவரைத் தடித்த உதடும் உருளும் விழியுமாகக் கேலிப் பொருளாகவே தீட்டி வந்தன. வில் ஐஸ்னர் போன்ற மேதையே, 1940-ல் தொடங்கிய ‘ஸ்பிரிட்’ தொடரில் எபனி ஒயிட் என்னும் சிறுவனை அவ்வாறுதான் வரைந்தார். அவமதிப்புக்குப் பழகிய அக்கலை டாமுக்கு முகம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பரிகாரமாக அவனைத் தெய்விகக் களையோடு வரைந்துவிடுவதும் பிழையே என்பது என் கருத்து. சாட்சிக் கூண்டில் அவன், அப்பெண்ணிடம் இரக்கப்பட்டு உதவியதாக வெள்ளையுள்ளத்துடன் சொல்லிவிடுகிறான். கறுப்பன் வெள்ளைக்காரிக்கு இரங்குவதா என்று சபை சினக்கிறது. சொன்ன பிறகு, சொன்னது தவறாயிற்று என்று உணரும் சாதாரண மனிதனின் முகம் அங்கே வேண்டும்.

சித்திரத்துக்கு ஆதாயமும் உண்டு. நீதிமன்றத்தில் கறுப்பினத்தவருக்கு மேல்மாடியே இடம் என்பதை நாவல் ஓரிடத்தில் விவரித்துவிட்டு நகர்கிறது, வாசகர் மறந்துவிடக்கூடும். ஓவியரோ மண்டபத்தை வரையுந்தோறும் கீழே வெள்ளையரையும் மேலே அவர்களையும் வரைந்தே தீர வேண்டும்; தீர்ப்புச் சொல்லப் பன்னிரண்டு ஜூரர்கள் திரும்பி வரும்போதுங்கூட.