எழுத்தாளனின் கைமுதல்



எழுத்தாளர் ஆவதற்கு என்ன வேண்டும்? இக்கேள்வியைத் தமிழ்நாட்டில் இருப்போர் கேட்பதற்கும், பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மைப் போன்றோர் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. நாம் கேட்கும்பொழுது அதனோடு ஓர் ஏக்கமும் சேர்ந்து ஒலிக்கிறது. “ஊரில் இருந்திருந்தால் எழுதியிருப்போம், இங்கே நல்ல தமிழ் காதில் விழுவதே அரிது, அலுவலகம் போக ஓய்வும் இல்லை” என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சமாதானம் செல்லுமா என்பதை இன்று சிறிது ஆராய்ந்து பார்ப்போம்.

திருவனந்தபுரத்திலே சாலை என்று ஒரு பெரிய கடைத்தெரு இருக்கிறது. அங்கே பல்லாண்டுகள் கடை நடத்தியவர் ஆ. மாதவன். 1934-இல் அந்நகரிலேயே பிறந்தவர். பள்ளியில் அவர் பயின்றது மலையாளம். தமிழைத் தம் சொந்த முயற்சியால் கற்றுக்கொண்டார். ஓய்வு வரட்டும் என்றோ, தமிழ்நாட்டுக்குச் சென்று சேரட்டும் என்றோ அவர் காத்திருக்கவில்லை. தம் கடைக்கு முன்னால் நடமாடிய எளிய மக்களையே கதைகளில் எழுதினார். அக்கடைத்தெரு தமிழ் இலக்கியத்தில் நிலையான இடம் பெற்றது. 2015-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமிப் பரிசும் அவரை வந்தடைந்தது. 2021-இல் அவர் மறைந்தார்; சாலைத் தெரு மாந்தர் அவருடைய கதைகளில் வாழ்கின்றனர்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. நாஞ்சில் நாடன் 1970-களில், அந்நாளைய பம்பாயில் வேலை பார்த்துக்கொண்டே எழுதத் தொடங்கியவர். ஆனால் அவருடைய முதல் நாவலான ‘தலைகீழ் விகிதங்கள்’ 1977-இல் வெளிவந்தபோது, அதில் வாசகர் கண்டது நாஞ்சில் நாட்டின் குடும்ப வாழ்க்கையையும் அந்த மண்ணின் பேச்சையும்தான். அசோகமித்திரனோ, 1931-இல் செகந்திராபாத்தில் பிறந்து, ஏறத்தாழ இருபத்தோராம் வயதில் சென்னைக்கு வந்தவர். சென்னையில் இருந்துகொண்டு, நிஜாம் ஆட்சியின் இறுதிக் காலத்துச் செகந்திராபாத்தைப் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலில் எழுதினார்.

ஒருவர் நின்ற இடத்தை எழுதினார். மற்ற இருவரும் விட்டு வந்த இடத்தை எழுதினர். ஆகையால் எழுத்தாளனுக்கு இடம் தடையன்று என்பது தெளிவாகிறது. இம்மூவருக்கும் பொதுவாக இருந்த கைமுதல், பார்த்ததையும் கேட்டதையும் நழுவ விடாத கவனமே ஆகும்.

அந்தக் கவனம் முதலாவதாகச் செவியில் தொடங்குகிறது. மும்பைத் தாராவியில் வாழும் ஒரு தமிழ்த் தாய், திருநெல்வேலித் தமிழில் தொடங்கி, இந்தியில் விலை பேசி, மராத்திச் சொல் ஒன்றோடு முடிப்பாள். அவளைக் கதையில் கொண்டு வரும்பொழுது அந்தப் பேச்சைச் சலவை செய்து ஏட்டுத் தமிழாக்கினால், அவள் அங்கே இருக்கமாட்டாள், நாம்தான் இருப்போம். அவள் பேச்சு அவளுடையதாகவே இருக்கட்டும். கதை சொல்லும் நம்முடைய நடை தெளிந்த தமிழாக இருக்கட்டும். இரண்டுக்கும் உள்ள எல்லையை அறிவதே பாதிப் பயிற்சி.

இரண்டாவது, சொல். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதன் அருமை நன்கு தெரியும். “தேவையான நடவடிக்கை எடுக்கப்படும்” என்னும் தொடர் அலுவலகக் கோப்புக்குப் பொருந்தும். அதில் நடவடிக்கை இருக்கிறது, எடுப்பவர் இல்லை. கதைக்கோ எடுப்பவரே முக்கியம். யார் எழுந்தார், யார் கதவைச் சாத்தினார், யார் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கினார் என்பதைச் சொல்லும் இடத்தில் எழுத்து உயிர் பெறுகிறது. பிற மொழிச் சூழலில் வாழும் நமக்குச் சொற்கள் ஓசையின்றியே குறைந்து போகின்றன. முதலில் மறப்பவை பெரிய சொற்கள் அல்ல. ஆப்பை, முறம், உரி, திரிகை போன்ற வீட்டுச் சொற்களே. அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பதும், ஊரிலிருந்து வரும் முதியோரிடம் கேட்டறிவதும் எழுத்தாளனுக்குச் சேமிப்பாகும்.

மூன்றாவது, இடைவிடாத பழக்கம். நாள்தோறும் ஒரு பக்கம் எழுதுவோர்க்கு ஆண்டு முடிவில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் சேரும். அவற்றுள் பெரும்பகுதி பயன்படாமற் போகலாம், கவலையில்லை. எழுதியதைச் சில நாள் மூடி வைத்து, பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். நாக்கு எங்கே இடறுகிறதோ, அங்கே வாக்கியம் பழுதுபட்டிருக்கும். நமக்கு மிகவும் பிடித்த வரியானாலும், கதைக்கு உதவாவிடில் அதை அடித்துவிடும் துணிவும் வேண்டும். இவை யாவற்றுக்கும் நல்ல நூல்களைப் படிப்பது உரமாகும்.

இவ்வளவும் எதற்காக? பரிசுக்காக அன்று. தங்கள் ஊரை விட்டு வந்து, அயல் மொழியில் வாடகை பேசி, அயல் மொழியில் மருத்துவரிடம் நோவைச் சொல்லி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. முதல் தலைமுறையின் அனுபவம் அவர்களுடைய நினைவில் மட்டுமே இருக்கிறது. பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வருவதில்லை. நாம் எழுதாவிட்டால் இவ்வாழ்க்கை தமிழில் பதிவு பெறாமலே மறைந்துவிடும். தமிழ்நாட்டில் இருப்போர் நமக்காக இதை எழுதித் தர இயலாது; அவர்கள் இதனை வாழ்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

ஆகவே, ஊருக்குத் திரும்பிய பின் எழுதலாம், ஓய்வு பெற்ற பின் எழுதலாம் என்று தள்ளிப் போடுவது வேண்டாம். பக்கத்து வீட்டில் இருப்பவர் இன்று மாலை பேசியதை இன்றிரவே நான்கு வரிகளில் எழுதி வைப்போம். நாளை ஐந்தாவது வரி தானே வரும்.