பெயர்ப் பட்டியலில் காணாமற்போன 'ரி'
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)

 

பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். தெமட்டகொடையில் ரயில் சத்தத்துக்கு நடுவே படித்தவள் நான், கொஞ்சம் உரத்துத்தான் பேசுவேன்.

நான் பேச வந்தது நம் அங்கத்தவர் பட்டியலைப் பற்றி. அதைக் கணினியில் ஏற்றும் வேலையில் நாங்கள் விட்ட பிழைகளைப் பற்றி என்று சொன்னால் இன்னும் சரி.

சங்கத்தின் 75ஆவது நிறைவுக்காகப் பழைய பதிவேடு முழுவதையும் அன்றைய செயற்குழு கணினியில் தட்டெழுத்துச் செய்து வைத்தது. பாமினி எழுத்துருவில். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் கல்யாண அழைப்பிதழும் பாமினிதான், பரீட்சை வினாத்தாளும் பாமினிதான். இந்த வருடம் அதை யூனிகோடுக்கு மாற்றி, எங்கிருந்தும் தேடிப் பார்க்கக்கூடிய பட்டியலாக அனுப்புவோம் என்று முடிவெடுத்தோம். 83க்குப் பிறகு முகவரி தெரியாமற்போன எத்தனையோ பேருடைய பெயர் அந்தப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது.

ஒரு மாற்றியில் போட்டோம். திரையில் முத்துமுத்தாக வந்தது. அனுப்பியும் விட்டோம்.

மூன்றாம் நாள் மெல்பேர்னிலிருந்து ஓர் அழைப்பு. எண்பது கடந்த ஓர் அக்கா. பேத்தி தேடிப் பார்த்தாளாம், பெயர் இல்லையாம். "பிள்ளை, என்ட பேரை வெட்டிப்போட்டீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் பெயர் ராஜேஸ்வரி. பட்டியலைத் திறந்தால் பெயர் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் இல்லை.

சனிக்கிழமை கணினி ஆய்வுகூடத்தில் உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகளுடன் உட்கார்ந்தேன். முதலில் இடைவெளியைச் சந்தேகப்பட்டோம், அதுவல்ல. பிறகு எழுத்துருவை மாற்றிப் பார்த்தோம், அதுவுமல்ல. மத்தியானமானது. ஒரு பிள்ளை சும்மா பெயரின் கடைசியில் நின்று அழிப்பு விசையை ஒருமுறை தட்டினாள். 'ராஜேஸ்வர' என்று நிற்க வேண்டிய இடத்தில் 'ராஜேஸ்வா' என்று நின்றது! எல்லோரும் சிரித்தோம். ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி உள்ளே வைத்திருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். அதில் 'ரி', 'ரீ', 'ர்' அடிக்க ரகர விசையைத் தொடுவதில்லை. 'மா'வுக்குப் போடும் அதே காலை அடித்து, விசிறியோ புள்ளியோ வைப்போம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. நாங்கள் பயன்படுத்திய மாற்றி அதைக் கால் என்றே எடுத்துக்கொண்டது. ராஜேஸ்வரி, பரீதா, மேரி எல்லோரும் காணாமற்போனது அப்படித்தான்.

இந்த வழக்கம் தட்டெழுத்துப் பொறியிலிருந்து வந்தது. சாதாரண தரம் முடித்ததும் மருதானைக்குத் தட்டெழுத்து வகுப்புக்குப் போனவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். புள்ளியை முதலில் தட்டினால் வண்டி நகராது, அதன் பிறகு எழுத்தைத் தட்ட வேண்டும், ஞாபகமா? அந்த நகரா விசையை வைத்துத் தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை அமைத்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனவர். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்க வேண்டும். முதலில் அமைத்த பொறியோடு அவர் நிற்கவில்லை. குறை கண்டு, திருத்தி, மறுபடி அமைத்தார். 'பிஜோ' என்ற சிறிய பொறி பிறகு வந்ததுதான். ஓர் உருவத்தை இரண்டு வேலைக்கு வைப்பது இரும்புப் பொறியில் பெரிய கெட்டித்தனம். தாளைக் கண்ணால்தானே வாசிக்கிறோம். கணினி கண்ணால் வாசிப்பதில்லை. நமக்கு வந்த வினை அது.

திருத்தும் கதைக்கு வருகிறேன். காலை எல்லாம் ரகரமாக்கு என்று ஒரு பிள்ளை கட்டளை கொடுத்தாள். 'மாலா' 'மரலர' ஆனாள். நல்லவேளை, பிரதி எடுத்து வைத்திருந்தோம். அன்றிலிருந்து பிரதி எடுக்காமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்று கரும்பலகையில் எழுதினேன். பிறகு கொஞ்சம் யோசித்தோம். தமிழில் காலுக்குப் பின்னால் விசிறியோ புள்ளியோ ஒருபோதும் வராது. வந்தால் அது ரகரம்தான். அந்த இடங்களை மட்டும் மாற்றச் சொன்னோம். ராஜேஸ்வரி அக்கா வந்துவிட்டார்.

துணிவு வந்ததும் அடுத்ததில் கைவைத்தோம். 'கௌரி' என்ற பெயர் 'கெள' என்று, கொம்பும் க-வும் ளகரமுமாகக் கிடந்தது. பார்க்க ஒன்று, உள்ளே வேறு. கொம்பு எழுத்துக்குப் பின்னால் ள வந்தால் ஔகாரமாக்கு என்றோம். கௌரி, கௌசல்யா எல்லோரும் சரியானார்கள். ஆனால் வெள்ளவத்தையில் இருந்த அத்தனை பேரும் 'வௌ்ளவத்தை'க்குக் குடிபோய்விட்டார்கள்!

இதற்கு ஒரு விதி இருக்கும் என்று பிள்ளைகள் இரண்டு கிழமை தேடினார்கள். நானும் தேடினேன். இல்லை. 'கெள' ஔகாரமா, ளகரமா என்பது சொல்லைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும். அதனால் அந்த இடங்களை மட்டும் கணினி மஞ்சள் நிறத்தில் காட்டட்டும், மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டோம். எனக்கு அது தோல்வியாகப் படவில்லை. பிள்ளைகளுக்குப் பட்டது. இன்னும் என்னோடு வாதாடுகிறார்கள்.

மெல்பேர்ன் அக்காவுக்குத் திருத்திய பட்டியலை அனுப்பினேன். பேத்தி தேடினாளாம், கிடைத்ததாம். கூடவே தன் வகுப்புத் தோழிகள் நான்கு பேரின் பெயரையும் தேடச் சொல்லிப் பார்த்திருக்கிறார். இருவர் அகப்பட்டார்கள். மற்ற இருவரும் பதிவேட்டிலேயே இல்லையா, அல்லது நாங்கள் இன்னும் கண்டுபிடிக்காத வேறொரு பிழையில் சிக்கியிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வாசலில் அச்சிட்ட பட்டியல் வைத்திருக்கிறது. தயவுசெய்து உங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்தவளின் பெயரையும் பாருங்கள். பிழை கண்டால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுங்கள். பழைய சஞ்சிகைகள் வீட்டில் இருந்தால் கொண்டுவந்து தாருங்கள், அச்சுக் கோத்த காலத்தவை என்றால் கையால்தான் அடிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு ஆய்வுகூடம் திறந்திருக்கும். தேநீர் உண்டு.