காதுக்கு எட்டாத பேஸ்

கல்யாண மண்டபத்தில் டி.ஜே. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பேஸ் பெட்டி ‘தட் தட்’ என்று இடித்தால், “ஸ்பீக்கர் மட்டம்” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பல நேரம் ஸ்பீக்கர் நிரபராதி. மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வெட்டிவிடும் ஆம்பின் சப்சானிக் ஃபில்டரை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

மைக் கீழே விழுவது, மேடையில் குதிப்பது, காற்று மோதுவது எல்லாமே காதுக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வுகளையும் எழுப்பும். ஆம்புக்கு அந்தப் பாகுபாடு தெரியாது, அனைத்தையும் பெருக்கி அனுப்பும். 40 ஹெர்ட்ஸில் தரும் அதே சத்தத்தை 20 ஹெர்ட்ஸில் தர, கோன் நான்கு மடங்கு அசைய வேண்டும். மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று கோனை இழுத்துப் பிடிக்கும். போர்ட் எனும் காற்றுத் துளை வைத்த பெட்டியில், ட்யூனிங்குக்கு, அதாவது பெட்டியும் போர்ட்டும் ஒத்து அதிரும் அலைவெண்ணுக்கு, கீழே போனதும் அந்தப் பிடி விட்டுவிடும். காற்று போர்ட் வழியே ஓடிவிட, சத்தம் இல்லாமல் கோன் மட்டும் துள்ளும். காயில் பின்தகட்டில் போய் இடிக்கும்.

போர்ட் பெட்டிக்கு முறையான கணக்கை 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் எழுதினார். நம் ஊரில் பெட்டி அடிப்பவர்கள் பலருக்குக் கைப்பழக்கம்தான் கணக்கு. பரவாயில்லை, ட்யூனிங்கைக் கண்ணாலேயே பிடிக்கலாம். சத்தத்தை நன்றாகக் குறைத்துக்கொண்டு, கைபேசியிலிருந்து ஒற்றைச் சுர ஒலியை 60 ஹெர்ட்ஸில் தொடங்கி மெல்ல இறக்குங்கள். ஓரிடத்தில் கோன் அநேகமாக அசையாமல் நிற்கும். போர்ட் முன்னால் கையை வைத்தால் காற்று பீறிடும். அதுதான் ட்யூனிங். 40 என்று வந்தால் ஃபில்டரை 35 பக்கம் வையுங்கள். ஃபில்டரின் சரிவு ஆக்டேவுக்கு 24 டெசிபல் இருந்தால், 17 ஹெர்ட்ஸ் வாக்கில் போகும் பவர் சுமார் 250இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

ஃபில்டர் குமிழில் அச்சடித்த எண் சற்று முன்பின் இருக்கலாம், அப்படியே நம்பாதீர்கள். பயந்து 50க்கு ஏற்றுபவர்களும் உண்டு; பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ், அதன் கனம் போய்விடும். அளவுக்கு மீறி ஆம்பை முறுக்கிக் காயிலைக் கருக்குபவரை இந்த ஃபில்டரும் காப்பாற்றாது.

ஒலிபெருக்கித் தொழிலில் உள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கண்டுபிடித்த ட்யூனிங் எண்ணைப் பெட்டியின் முதுகில் மார்க்கரால் எழுதி வையுங்கள். ஆம்ப் மாறும், ஆள் மாறுவார். போர்ட்டை வெட்டாதவரை அந்த எண் மாறாது.