குழாய் ஒலிபெருக்கியும் கைப்பேசியும்



1984இல் பொறியியல் கல்லூரியாகப் புதுச்சேரிப் பிள்ளைச்சாவடியில் தொடங்கிய வளாகம் இது. பட்டதாரிகளே, கணினியை இயக்கவும் நிரல் எழுதவும் இங்கே கற்றீர்கள். அந்தக் கணினி ஓர் ஊருக்குள் போன பிறகு ஊர் என்ன ஆகிறது? அதுவும் பல்கலைக்கழகத்தில் படிக்கவேண்டிய பாடம்தான். அதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தொலைபேசி இணைப்பு சரியில்லாத ஊருக்கு வயர்லெஸ் வந்தது. மின்வெட்டுக்குச் சோலார் தகடு வந்தது. மையத்தை எந்தக் கட்டடத்தில் வைப்பது என்பதுதான் சிக்கலான கேள்வி. எல்லாச் சாதியினரும் வந்துபோகக்கூடிய பொது இடத்தை ஊரே தரவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். என் பார்வையில், அந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த தொழில்நுட்ப முடிவு அதுவே.

மீனவர் ஊரான வீராம்பட்டினத்தின் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, குழாய் ஒலிபெருக்கியில் ஊருக்கே கேட்க அறிவித்தார்கள். படகை இறக்கலாமா என்று மீனவர் அதைக் கேட்டு முடிவு செய்தார். மையம் இருந்த இன்னொரு மீனவர் ஊர் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது அந்த மக்களைக் காப்பாற்றியது கணினி அல்ல. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரித்தார். ஊரில் இருந்தவர்கள் பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். உறவு, போன், குழாய் மூன்றும் சேர்ந்ததால் ஊர் பிழைத்தது.

2017இல் ஒக்கிப் புயல் வந்தபோது கைப்பேசி இல்லாத மீனவர் அரிது. ஆனால் ஆழ்கடலில் சிக்னல் இல்லை. எச்சரிக்கை பலரை எட்டவில்லை.

குழாயில் வருவது தெருவுக்கே கேட்கும். கைப்பேசிக்கு வருவதோ அதை வைத்திருப்பவருக்கு மட்டும். வீட்டில் ஒரே போன் இருந்து, அதைக் கணவர் கடலுக்கு எடுத்துப் போய்விட்டால், மீன் விற்கும் பெண்ணுக்கு யார் செய்தி சொல்வார்? மேற்படிப்புக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மீனவர் குடியிருப்பில் போய் உட்காருங்கள். நீங்கள் உருவாக்கும் செயலியைக் காட்டுவதற்கு முன், அங்கே யார் சொன்னால் யார் நம்புகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். எழுதியதை முதலில் அவர்களிடமே தமிழில் படித்துக் காட்டுங்கள். தவறு என்று அவர்கள் சொல்லும் இடத்தைத் திருத்திய பிறகு ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள்.