யாழ்ப்பாணத்துச் சோமர்செற் கார்கள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் “போருக்கு முந்திய கார்” என்று சொன்னால், எந்தப் போர் என்று கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்திலே அத்தொடர் 1939ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வண்டியைக் குறிக்கும். ஒஸ்ரின் தொழிற்சாலை 1922இல் வெளியிட்ட ‘செவன்’ என்னும் சிறிய காரும், 1930இல் அதன் வழியிலே வந்த ‘அல்ஸ்ரர்’ என்னும் பந்தயக் காரும் அவ்வகையின. அத்தகைய அரிய வண்டியொன்று கைக்கு எட்டிவிட்டால், அங்குள்ள ஆர்வலர் பழைய விளக்க நூல்களைப் புரட்டி, ஆணி முதல் ஆசனத் தோல் வரை ஆதியில் இருந்தவாறே அமைத்து முடிப்பர். அதுவே புதுப்பித்தல் எனப்படுவது.

குடாநாட்டில் பேசப்படும் போரோ 1983இல் மூண்டு 2009 மே மாதத்தில் ஓய்ந்த போர். அதற்கு முந்திய கார் என்றால் முதியோர் மனத்தில் தோன்றுவன மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், எல்லாவற்றுக்கும் மேலாக ஒஸ்ரின் ஏ-40 சோமர்செற் என்பனவாம்.

சோமர்செற் பந்தயக் கார் அன்று. உருண்டு திரண்ட முதுகும், பருத்த முன்பக்கமும், அகன்ற ஆசனமும் உடைய குடும்ப வண்டி அது. பேர்மிங்ஹாம் நகரை அடுத்த லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை மட்டுமே செய்யப்பட்டது. அக்குறுகிய காலத்துள் வெளிவந்த வண்டிகள் ஏறக்குறைய 1,73,000. 1200 கன சென்ரிமீற்றர் அளவுள்ள நான்கு சிலிண்டர் இயந்திரம். தனியாக அமைந்த உறுதியான இரும்புச் சட்டம். கருவிப்பெட்டி ஒன்று கையிலிருந்தால் மரநிழலிலேயே கழற்றிப் பூட்டிவிடக்கூடிய எளிய அமைப்பு. இந்த எளிமைதான் பின்னர் அதனைக் காத்தது.

1960ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கைக்குக் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. இருந்த கார்களை இருந்தபடியே ஓட்ட வேண்டியதாயிற்று. 1977இல் இறக்குமதி தளர்ந்தபோது ஜப்பானிய வண்டிகள் வந்து சேர்ந்தன. பழைய ஒஸ்ரின்களின் காலம் முடிந்தது என்றே பலரும் எண்ணியிருத்தல் கூடும்.

அவ்வெண்ணத்தை மாற்றியது 1990இல் வந்த பொருளாதாரத் தடை. பெற்றோல், பற்றரி முதலியன குடாநாட்டுக்குள் வருவது தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெயும் மட்டாகவே கிடைத்தது. பெற்றோல் இல்லாத ஊரிலே பெற்றோல் காரை எவ்வாறு ஓட்டுவது?

மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. பொறி பட்டாலும் பற்றாது. ஆகவே, சிறு போத்தலிலே பொன்போற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு, இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புதிய வண்டிகளின் இயந்திரங்கள் எரிபொருட் கலவையை மிகுதியாக அழுத்துவன; மட்டமான எரிபொருளை இட்டால் அவை ‘டக் டக்’ என்று தட்டத் தொடங்கிவிடும். பழைய ஒஸ்ரினின் அழுத்தம் குறைவு. பொறி விழும் நேரத்தைச் சிறிது பிந்த வைத்தால், முனகியவாறேனும் ஓடிற்று. மேடு பள்ளமற்ற யாழ்ப்பாணத் தரையும் கைகொடுத்தது. இதே வித்தையைக் கண்டி மலைப்பாதையிற் செய்து பார்த்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கும்.

இதற்கு விலையும் இருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து, கீழேயுள்ள மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. பிளக்குகளிற் கரி படிந்தது. பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்தன. உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவும் வழியில்லை. கடைசல் இயந்திரமும் அரமும் துணையாக, வேறொரு வண்டியின் உறுப்பைக் குறைத்தும் கூட்டியும் பொருத்தினார்கள். பழைய ரயரை வெட்டி இறப்பர்த் துண்டுகள் செய்தார்கள். உப்புக் காற்றில் அரித்த தகட்டுக்கு ஒட்டுப்போட்டார்கள். நள்ளிரவில் பிள்ளைப்பேற்று வலியெடுத்த பெண்ணை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல, அயலிலே புகை கக்கிக்கொண்டேனும் கிளம்பக்கூடிய கார் ஒன்று இருக்கிறதா என்பது அன்று உயிரைப் பற்றிய கேள்வி.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்தபின் திறக்கப்பட்டது. புதிய வாகனங்கள் நிறைந்தன. எஞ்சிய சோமர்செற்றுகள் இப்போது கலியாண ஊர்வலத்துக்கும் அலங்காரத்துக்கும் உரியனவாயின. அவற்றைப் புதுப்பிப்பதில் ஆர்வமும் பிறந்தது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. லோங்பிரிட்ஜில் இருந்து வந்த கோலத்துக்கு மீட்பதா? அவ்வாறாயின், ஒட்டுத்தகட்டை அகற்றி, கடைந்து பொருத்திய உறுப்பை எறிந்து, இங்கிலாந்திலிருந்து புதிய உறுப்பு வரவழைக்க வேண்டும். கார் அழகாக இருக்கும். ஆனால், பேர்மிங்ஹாமில் உள்ள எந்தச் சோமர்செற்றுக்கும் இதற்கும் வேற்றுமை இராது. எண் பலகையை எவரும் மாற்றத் துணிவதில்லை. சிலோன் என்ற பெயரின் எழுத்துக்களிலிருந்து எடுத்த ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. போன்ற ஈரெழுத்துக்கள், 1957இல் சிங்கள ‘ஸ்ரீ’ புகுத்தப்படுவதற்கு முன் பதிவான வண்டி என்பதைக் காட்டும் சான்று என்று போற்றுகிறார்கள். அந்த ‘ஸ்ரீ’யை எதிர்த்து வடக்கிலே எழுந்த கிளர்ச்சியும் அப்பலகையோடு நினைவுக்கு வருகிறது. எண் பலகை சான்று என்றால், தடைக்காலத்து ஒட்டும் சான்றுதானே?

பாதுகாப்பைப் பொறுத்த உறுப்புகளில் விட்டுக்கொடுக்க இடமில்லை. தடை பிடிக்கும் குழாயும் திசைதிருப்பும் இணைப்பும் புதியனவாகவே இருத்தல் வேண்டும். தேய்ந்த பிஸ்ரனை மாற்றுவதிலும் தவறில்லை. ஆனால் கழற்றிய பழைய உறுப்பைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுவது பொருந்தாது. அதனை எண்ணெய் பூசித் துணியிற் சுற்றி, எந்த வண்டியின் உறுப்பு எந்த ஆண்டில் யார் கையால் இதிலே ஏறியது என்று ஒரு சீட்டில் எழுதிக் காரின் பின்பெட்டியிலேயே வைக்கலாம். உறுப்பைக் கடைந்தவர்கள் முதியோராகிவிட்டார்கள். சீட்டு எழுத அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.