வீட்டு விஷயம் வீட்டிலேயே இருக்கட்டும்

(தோட்டக் குடும்பங்களின் கூட்டமொன்றில் கைத்தொலைபேசிப் பாவனை பற்றி நிகழ்த்திய உரை)



இன்று லயத்தில் போன் இல்லாத காம்பிரா குறைவு. 2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியபோது, பிள்ளைகளுக்குப் பாடம் வட்ஸ்அப்பில் வந்தது. கடன்பட்டாவது ஸ்மார்ட் போன் வாங்கினோம். கொழும்பில் இருக்கும் மகனோடும், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்யும் மகளோடும் முகம் பார்த்துப் பேசுகிறோம். நல்லதுதான். போனைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. அது நமக்கு வேலை செய்யட்டும். நம் வீட்டுக் கதையை வெளியே கொண்டு போகாமல் இருக்கட்டும். அவ்வளவுதான்.

“நம்மகிட்ட மறைக்க என்னா இருக்கு? காசா, நகையா?” என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கிறது. முதலில் அடையாள அட்டையை எடுத்துக்கொள்வோம். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 2003இல் இன்னொரு சட்டம் வந்த பிறகுதான் மிச்சமிருந்தவர்களுக்கும் வழி பிறந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் பாடுபட்டுக் கிடைத்த உரிமையின் அடையாளம் அந்த அட்டை. அதைப் படம் பிடித்து, கேட்டவனுக்கெல்லாம் வட்ஸ்அப்பில் அனுப்பலாமா?

அந்த இலக்கத்தைச் சற்றுப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு எண்களும், 2016இலிருந்து வரும் 12 எண் கொண்ட அட்டையில் முதல் நான்கு எண்களும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் பிள்ளை என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1990 ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 90001, பெண்ணுக்கு 90501 என்று தொடங்கும். இலக்கம் மட்டும் கிடைத்தாலே ஆணா பெண்ணா, பிறந்த திகதி என்ன என்பது தெரிந்துவிடும். படமும் கிடைத்தால் பெயரும் முகமும் கூடவே போகின்றன. நம் பெயரில் ஏமாற்று வேலை செய்ய ஒருவனுக்கு அது பெரிய உதவி.

அடுத்தது, ‘இலவசம்’ என்ற சொல். யூடியூப்பும் நம்மில் பலரின் போனை இயக்கும் அண்ட்ரொய்டும் கூகுள் கொம்பனியுடையவை. ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் மெட்டா கொம்பனியுடையவை. இந்த இரண்டு கொம்பனிகளுக்கும் வருமானத்தில் பெரும்பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. நாம் எதைத் தேடுகிறோம், எங்கே போகிறோம், எந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்ற கணக்குத்தான் அவர்களுக்குக் கொழுந்து. கொழுந்து நிறுக்கும்போது நாம் தராசைக் கண்கொட்டாமல் பார்க்கிறோம். எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்கிறோம். போனுக்குள் எடுபடுவதை மட்டும் பார்க்காமல் விடுகிறோம்.

இப்போது எனக்கு அதிகம் பயமாக இருப்பது போனில் கிடைக்கும் கடன். நம் முன்னோர் காலத்தில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். அதைத் தீர்த்தால்தான் தோட்டம் மாறலாம். கடன் கணக்கு யார் கையிலோ, ஆளும் அவர் கையில்! 1921இல் அந்த முறை சட்டப்படி ஒழிந்தது. இன்று அது வேறு உருவத்தில் வருகிறது. “பத்து நிமிடத்தில் பணம்” என்று ஒரு செயலி சொல்லும். போட்டவுடன் “தொடர்புகளைப் பார்க்க அனுமதியா?” என்று கேட்கும். அவசரத்தில் ‘சரி’ என்று அமத்திவிடுவோம். போனில் உள்ள அத்தனை பேரின் இலக்கமும் அவன் கைக்குப் போய்விடும். தவணை பிந்தினால் சம்பந்தி வீட்டுக்கும் பிள்ளையின் டீச்சருக்கும் பேசி மானத்தை வாங்குவான். கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் எடுக்கக்கூடாது என்று கூகுள் 2023 மே 31இலிருந்து தன் கடையில் விதி வைத்திருக்கிறது. ஆனால் மெசேஜில் வரும் லிங்க்கை அமத்திப் போடும் செயலிக்கு அந்தக் கடையின் காவல் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? செலவில்லாத வேலைகள்தான்.

ஒன்று: போனின் அமைப்புகளில் ‘அனுமதிகள்’ என்ற இடத்தைத் திறவுங்கள். டோர்ச் லைட் செயலிக்கு நம் தொடர்புகள் எதற்கு? தேவையில்லாததை நிறுத்துங்கள். இருப்பிடம் காட்டுவதை வேண்டிய நேரம் மட்டும் போடுங்கள்.

இரண்டு: பழைய பட்டன் போனை வீசிவிடாதீர்கள். வங்கிக்குக் கொடுத்த இலக்கத்தின் சிம்மை அதில் போடுங்கள். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் அதற்கே வரும். ஸ்மார்ட் போனில் கள்ளச் செயலி புகுந்தாலும் அந்த மெசேஜைப் படிக்க முடியாது. அந்த இலக்கத்தை வாயால்கூட யாருக்கும் சொல்லாதீர்கள். வங்கிக்காரர் என்று சொன்னாலும் சொல்லாதீர்கள்.

மூன்று: வட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்பதைப் பாருங்கள். தெரியாத சாதனம் இருந்தால் வெளியேற்றுங்கள். உங்கள் போனைச் சற்று நேரம் கையில் எடுத்த ஒருவர், தன் கணினியிலிருந்து உங்கள் பேச்சையெல்லாம் படித்துக்கொண்டிருக்கலாம்.

நான்கு: முக்கியமான இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடிதம் எல்லாம் பெட்டியில் காகிதமாகவே இருக்கட்டும். போன் தண்ணீரில் விழுந்தால் குடும்பமே திண்டாடக்கூடாது.

ஐந்து: போனை விற்கும்முன் உள்ளே இருப்பதை முழுதாக அழியுங்கள்.

நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆனாலும் முதல் காவல் நாம்தான். யாராவது படத்தைக் காட்டி மிரட்டினால், தங்கைமாரே, வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். வெட்கப்பட வேண்டியவன் மிரட்டுகிறவன். மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்துக்குப் பேசுங்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களுக்குப் போன் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. “இதுகூடத் தெரியாதா” என்று ஏசாமல், இன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து அந்த ‘அனுமதிகள்’ பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். அடுத்த காம்பிராவில் தனியாக இருக்கும் பாட்டிக்கும் அதையே செய்து கொடுங்கள்.