நாவை அடக்கி வாழும் குடும்பம்

(யூபிலி ஆண்டின் திருக்குடும்பத் திருநாளன்று பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சினிமாவைப் பற்றிச் சாமியார் கோவிலில் பேசலாமா என்று சிலர் முணுமுணுக்கக்கூடும். பேசத்தக்க படமானால் பேசலாம். 2025 மே முதல் தேதி வெளிவந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நாமும் பார்த்தோம். அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞர் இயக்கியது. சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவி. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியின்றி, இரண்டு பிள்ளைகளோடு படகேறி இராமேசுவரம் வந்து, பிறகு சென்னையில் ஒரு குடியிருப்பில் ஒளிந்து வாழ்கிறார்கள்.

ஒளிவது காட்டிலோ குகையிலோ அல்ல. நாலு பேர் நடுவில், நாவை அடக்கிக்கொண்டு. வாய் திறந்தால் இலங்கைப் பேச்சு காட்டிக் கொடுத்துவிடும். தாய்மொழியே ஒருவனுக்குப் பகையாவதைக் கண்டபோது நமக்கு இராயப்பர் நினைவுக்கு வந்தார். தலைமைக் குருவின் முற்றத்தில் நின்ற அவரைக் காட்டிக் கொடுத்ததும் அவருடைய பேச்சுதானே! எகிப்தில் சூசையப்பர் எந்தப் பாஷையில் தச்சு வேலை கேட்டிருப்பார்? சுவிசேஷம் அதைச் சொல்லவில்லை. 1952-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வெளியிட்ட சாசனத்தில், எகிப்துக்கு ஓடிய அந்தத் திருக்குடும்பத்தையே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரியாக வைத்தார். நாமோ மூவரசர் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்துப் பெட்டியில் கட்டிவிடுகிறோம். ஏரோதின் சேவகர் வரும் கட்டம் நம் குடிலில் வருவதேயில்லை.

படத்தில் ஒரு குறை. இரண்டு மணி நேரத்திற்குள் அண்டை வீட்டார் அனைவரும் நல்லவர்களாகி, அக்குடும்பத்திற்கு அரணாகிவிடுகிறார்கள். பார்க்கக் கண் நிறைகிறது. ஆனால் அன்பு அவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் வரத் தொடங்கியவர்கள் பூலுவபட்டி முகாமிலும் பவானிசாகர் முகாமிலும் மூன்று தலைமுறை கண்டுவிட்டார்கள். 2021 கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர். அவ்வாண்டு அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது, நல்லதே. ஆனால் 1987 ஜூலை 1 முதல் இம்மண்ணில் பிறந்த பிள்ளைக்கும், தாய் தந்தை இருவரும் அகதிகளானால், பிறப்பால் குடியுரிமை இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் இலங்கையைச் சேர்க்கவில்லை. 2022 மார்ச் முதல் பசிக்குத் தப்பித் தனுஷ்கோடியில் இறங்கியவர்களை மண்டபம் முகாமில் வைத்தார்கள்.

இதெல்லாம் தில்லியில் தீர வேண்டிய காரியம் என்பீர்கள். நம் கையில் இருப்பது வீட்டுச் சாவி. முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் முறைப்படி பதிந்து வாழ்வோரும் உண்டு. பேச்சைக் கேட்டதும் 'வீடு காலி இல்லீங்க' என்ற பதில் அவர்களுக்குக் கிடைப்பதும் உண்டு. தாராபுரத்தில் வாடகைக்கு வீடு விடும் நம் பங்கு மக்கள் அந்தப் பதிலைச் சொல்லலாகாது என்பது நமது விண்ணப்பம். பதிவு, காகிதம் பற்றி ஐயமுள்ளவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்கு இல்லத்திற்கு வாருங்கள். காவல் நிலையத்திற்கு உங்களோடு வர நாம் ஆயத்தமாயிருக்கிறோம்.